முதல் வாய்

ஒரு வீட்டில் தயிர் கெட்டுப்போனால் அதை யார் முதலில் சொல்ல வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? பால் காய்ச்சினவரா, உறை ஊற்றினவரா, இல்லை வாயில் வைத்துப் பார்த்தவரா? யோசித்துக்கொண்டே கேளுங்கள். அவசரமில்லை. இந்தக் கதையில் ஒரு நாடே மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தது.

ஏழேரி நாடு என்று பெயர். பெயரில்தான் ஏழு. அந்த வருஷம் ஆறு ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஏழாவதில் எருமை முழங்கால் நனைக்கிற அளவுக்குத் தண்ணீர். புல் இல்லை. புல் இல்லாத ஊரில் மாடு எங்கே கறக்கும்?

நாட்டுத் தலைவர் திருமேனியார் மன்றத்தில் நின்று ஒரு சட்டம் போட்டார். "எந்த வீட்டு மாடானாலும் காலைப் பால் முழுக்கப் பிள்ளைக்கூடத்துக்கு. சாயந்திரப் பால்தான் வீட்டுக்கு. என் கொட்டிலில் இருப்பது ஒரே பசு. அதன் பால் முதலில் வரும்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். கேட்டவர்களும் அழுதார்கள். மறுநாளிலிருந்து பிள்ளைக்கூடத்து வாசலில் நாற்பது செம்பு பால் வரிசையாக வந்து இறங்கியது. முந்நூறு பிள்ளைகள் குடித்தார்கள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மத்தியானச் சோறு போடும் அந்தப் பிள்ளைக்கூடத்தை நடத்தினவள் மங்காயி. முப்பது வயது இருக்கும். கரண்டி பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறின கை. சத்தமாகச் சிரிப்பாள், அதைவிடச் சத்தமாகத் திட்டுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். அவருக்கு வயது அறுபத்திரண்டு. அதுவும் யார்? மன்றத்து நடுவர் வடமலையார்.

ஊர் சிரித்தது. அவர் கவலைப்படவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சுரைக்காய் வழக்கு அவரிடம் வந்தது. கொடி ஒருத்தி வீட்டில், காய் இன்னொருத்தி கூரையில். இவர் இரண்டு நாள் விசாரித்தார். வேர் யாருடையது, வெயில் யாருடையது என்று கேட்டுக்கொண்டே போனார். மூன்றாம் நாள் கூடையோடு அந்தப் பக்கம் போன மங்காயி எட்டிப் பார்த்து, "இன்னிக்கு நறுக்கலைன்னா முத்திப்போயிடும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து சுரைக்குடுக்கைதான் செய்யணும்" என்றாள். வழக்காடினவர்களே சிரித்துவிட்டார்கள். காய் அன்றைக்கே இரண்டு வீட்டுக் குழம்பிலும் கொதித்தது.

மறுநாள் காலையில் வடமலையார் பிள்ளைக்கூடத்து வாசலில் நின்றார். "எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கம்மா."

"வெங்காயம் உரிக்கத் தெரியுமா ஐயா?"

"தெரியாது."

"அப்ப அதிலிருந்து ஆரம்பிப்போம்."

வெங்காயத்துக்கு அப்புறம் அவருக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் முதல் இலையில் உட்கார்ந்து எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முதல் வாய் என்று பெயர். அவர் தலையாட்டின பிறகுதான் பிள்ளைகளுக்குச் சோறு. இரண்டு வருஷமாக முதல் வாய் வடமலையார்தான்.

இனி மாட்டுக்கு வருவோம்.

ராக்கு என்று ஒரு பெண். ஒற்றை மாடு, ஒற்றைப் பிள்ளை, புருஷன் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் காலைப் பாலில் ஒரு குவளை எடுத்து வைத்துவிட்டாள். விஷயம் தலைவர் காதுக்குப் போனது. அவர் மன்றத்து வாசலில் அவளை நிற்க வைத்து ஊரைக் கூட்டினார்.

"ஒரு குவளைதானேன்னு நினைக்கிறியா ராக்கு? முந்நூறு பிள்ளைங்க வாயிலிருந்து எடுத்த குவளை அது! எனக்கு ஆசையில்லையா? என் பேரனுக்குப் பசிக்காதா?"

ராக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. ஒரு செவலைப் பசு. இடது கொம்பு மூளி. கழுத்தில் அறுந்த கயிறு. மடி கனத்துத் தரையைத் தொடுகிற மாதிரி ஆடிக்கொண்டு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகத் திருமேனியாரிடம் போய், அவர் தோளில் மூக்கை உரசி, "அம்மா" என்று கத்தியது.

பின்னாலேயே அவர் மச்சான் ஓடி வந்தார், மூச்சு வாங்க. "மாமா, கயித்தை அறுத்துக்கிட்டு வந்துடுச்சு! இன்னொண்ணைக் கட்டிப் போட்டுட்டேன், பயப்படாதீங்க!"

அப்புறம்தான் கூட்டத்தைப் பார்த்தார்.

ஏரிக்கு அக்கரையில், மச்சான் கொட்டிலில், திருமேனியாருடைய இரண்டு பசுக்கள் ஐந்து மாதமாகக் கட்டிக் கிடந்தன. ஒரு சொட்டுக் காலைப் பாலும் பிள்ளைக்கூடத்துக்கு வரவில்லை.

ராக்கு முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

அன்றைக்குத் தலைவருக்குப் பக்கத்தில் நின்றவர் வடமலையார். அந்த மூளிக்கொம்பை அவர் அதற்கு முன்பே பார்த்திருந்தார்.

நாட்டு வழக்கப்படி மன்றம் கூடியது. மொத்தம் மூன்று நாள். இரண்டு நாள் பேச்சு, மூன்றாம் நாள் காலையில் நடுவர் தீர்ப்பு. திருமேனியார் பதவியில் இருக்கலாமா கூடாதா என்பதுதான் வழக்கு. நடுவருக்கு உயர்ந்த நாற்காலி. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கீழே ஒரு மரப்பலகை. மூன்று பேர் தாராளமாக உட்காரும் பலகை அது. ஒருத்தருக்கு எதற்கு அவ்வளவு நீளம் என்று யாரும் கேட்டதில்லை.

முதல் நாள் உலகம்மை பேசினாள். தறிக்காரி. நாக்கும் தறி மாதிரி ஓடும்.

"அவர் ஒளிச்சது ரெண்டு மாடு. அவர் சட்டத்தால பால் குடிச்சது முந்நூறு பிள்ளை. எது பெருசு? மனுஷனைப் பார்க்காதீங்க, சட்டத்தைப் பாருங்க. இவரைத் தள்ளினா சட்டமும் சேர்ந்து விழும்!"

கூட்டம் "ஆமாம்" என்றது. வடமலையாரும் மனசுக்குள் ஆமாம் என்றார்.

இரண்டாம் நாள் சாத்தப்பன் பேசினான். பானை வியாபாரி.

"ராக்குவை நிக்க வச்சு அழ வச்சாரே, அந்த வாய்க்கு என்ன பதில்? தனக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா? இவரை வச்சிருந்தா நாளைக்கு எவன் சட்டத்தை மதிப்பான்?"

கூட்டம் இதற்கும் "ஆமாம்" என்றது. வடமலையாரும் இதற்கும் ஆமாம் என்றார்.

நடுவில் யாரோ எழுந்து, "சாத்தப்பா, உன் வீட்டு மாடு ஒரு மாசமா சாயந்திரம் மட்டும் கறக்குதாமே, அது என்ன நோய்?" என்று கேட்க, சிரிப்பு வெடித்தது. சாத்தப்பன் துண்டை உதறினான். உலகம்மை கைதட்டினாள். அப்புறம் அவள் வீட்டு மாட்டைப் பற்றி ஒருத்தர் கேட்டார். அவள் கைதட்டுவதை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு யார் எந்தக் கட்சி என்றே புரியவில்லை. தலைவருக்காகப் பேசினவர் தலைவரைத் திட்டினார். தலைவரைத் திட்டினவர், மாட்டைத் தப்பவிட்ட மச்சானைத் திட்டினார். ஒரு கிழவர் எழுந்து, எல்லாத் தப்பும் மழை மேல்தான் என்றார்.

மத்தியானம் வடமலையார் பிள்ளைக்கூடத்துக்கு வந்தார். தலைக்குள் மன்றம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. வாசலில் வழக்கமாக நாற்பது செம்பு இருக்கும் இடத்தில் அன்றைக்குக் காலையில் வந்தது பதினொன்று.

"பாக்கியெல்லாம் எங்கம்மா?"

"'அவரே ஒளிச்சாரு, நாங்க மட்டும் என்ன இளிச்சவாயா?'ன்னு கேக்குறாங்க ஐயா. வெங்காயம் அங்க இருக்கு."

அவர் உட்கார்ந்து உரித்தார். உரித்த வெங்காயத்தைக் குப்பையிலும் தோலைத் தட்டிலும் போட்டார். மங்காயி பார்த்துவிட்டு மாற்றி வைத்தாள்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"தப்பான ஆள் ஒரு நல்லதைச் சொன்னா, அது நல்லதா கெட்டதா?"

"அரிசி உலை கொதிக்குது, கொஞ்சம் இருங்க."

இறக்கி வைத்துவிட்டு வந்தாள். வடமலையார் விடவில்லை.

"சரி, இப்படிக் கேக்குறேன். ஒருத்தர் ஒரு தப்பைப் பார்க்கிறார். சொன்னா நல்லது ஒண்ணு கெட்டுப்போகும். சொல்லலைன்னா தப்பு வளரும். அவர் என்ன செய்யணும்?"

"யாரு ஐயா அந்த ஒருத்தர்?"

"பொதுவா கேக்குறேன்."

"பொதுவா இலை போட்டாச்சு. வாங்க, முதல் வாய்."

முதல் இலையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எதிரில் வரிசையாகத் தட்டைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மங்காயி சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். சரி. கீரை வைத்தாள். சரி. கடைசியில் தயிர்ப்பானையைக் கொண்டுவந்து ஒரு கரண்டி விட்டாள்.

பிசையும்போதே தெரிந்தது. விரலை எடுத்தால் நூல் நூலாகக் கூடவே வந்தது. வாயில் வைத்தார். கொழகொழவென்று இருந்தது. நாக்கின் ஓரத்தில் ஏதோ ஒரு கசப்பு.

விழுங்கினார்.

பாவம், விடியலிலிருந்து அடுப்பில் நிற்கிறாள் என்று நினைத்தார். வந்ததே பதினொரு செம்பு, இதையும் குறை சொன்னால் எப்படி என்று நினைத்தார். ஒருவேளை என் நாக்குதான் சரியில்லையோ என்றும் நினைத்தார். போட்ட சோற்றைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். நம்மில் யார் அப்படி வளரவில்லை?

"எப்படி ஐயா இருக்கு?"

"ம். இருக்கு."

"இருக்குன்னா?"

"நல்லாத்தான் இருக்கு."

"இன்னும் கொஞ்சம் விடட்டுமா?"

"போதும், போதும். வயிறு நிறைஞ்சுபோச்சு."

மங்காயி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் போனாள். வரிசையில் முதலில் இருந்தது ராக்கு மகள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் தட்டின் மேல் மங்காயி கரண்டியைச் சாய்த்தாள்.

"வேண்டாம்!"

வடமலையார் எச்சில் கையோடு எழுந்து ஓடிவந்து பானையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் ஐயா?"

"கெட்டுப்போச்சு."

"எது?"

"தயிர்."

"எப்ப கெட்டுச்சு? இப்பதான நல்லா இருக்குன்னீங்க."

அவர் எச்சில் கை பானை மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மங்காயி பானையை இறக்கி வைத்தாள். உள்ளே போய் இன்னொரு பானை கொண்டுவந்தாள். வெட்டி வைத்த மாதிரி கெட்டித் தயிர். அதில் ஒரு கரண்டி அவர் கையிலேயே விட்டாள். அவர் நக்கிப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தலை ஆடுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிள்ளைகள் சாப்பிட்டுப் போனார்கள். மங்காயி பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். அவர் சாம்பல் எடுத்துக் கொடுத்தார்.

"அது கெட்டுப்போனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"காலையில மூடியைத் திறந்ததுமே தெரியும்."

"அப்புறம் ஏன் எனக்கு வச்சீங்க?"

"வந்ததிலிருந்து கேள்வி மேல கேள்வியா கேட்டீங்க. எனக்குப் பேச வராது ஐயா. கையில இருந்தது அந்தப் பானைதான்."

வடமலையார் சாம்பலைக் கீழே வைத்தார்.

"அம்மா, நாலு மாசம் முன்னாடி அக்கரையில ஒரு காதுகுத்துக்குப் போனேன். தலைவரோட மச்சான் வீட்டுப் பக்கம். கொட்டில்ல ரெண்டு பசு. அந்த மூளிக்கொம்பைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, யார் வீட்டு மாடுன்னு."

மங்காயி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான் ஓடிவந்து ஒரு குவளை பால் குடுத்தார். குடிச்சேன்."

"பால் எப்படி இருந்துச்சு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கெட்டியா, நல்லா இருந்துச்சு."

"இருக்கும்."

"நான் சொல்லாததுக்குக் காரணம் இருக்கும்மா. சொன்னா சட்டம் விழுந்துடும்னு நினைச்சேன். எல்லாரும் மாட்டை ஒளிச்சுடுவாங்க, பிள்ளைங்களுக்குப் பால் போயிடும்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். இல்லை, பயந்தேனா? பதவி போயிடும்னா? இப்ப யோசிச்சா எது முதல்ல வந்துச்சுன்னே தெரியலை. ராக்குவை அவர் திட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். அவ என்னையும் பார்த்தா. நானும் தலையை ஆட்டினேன்."

"என்னன்னு?"

"ஆமாம், தப்புதான்னு."

மங்காயி தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தை அலசினாள்.

"நாளைக்குத் தீர்ப்பு சொல்லணும். இருக்கலாம்னு சொன்னா என் வாய் எனக்கே நாறும். போகணும்னு சொன்னாலும் நாறும். நீங்க சொல்லுங்கம்மா, நான் என்ன தீர்ப்பு குடுக்கட்டும்?"

மங்காயி கடைசிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

"எனக்கு மன்றம் தெரியாது ஐயா. முதல் இலையில உட்கார்ற ஆள் என்ன செய்யணும்னுதான் தெரியும்."

"என்ன செய்யணும்?"

"ரெண்டு வருஷமா நீங்கதான உட்கார்றீங்க?"

மறுநாள் மன்றத்தில் எள் போட்டால் எள் விழாது. மரத்தில்கூட ஆள். பலகையில் திருமேனியார் நடுவாக உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக யாரும் அவர் பக்கத்தில் போவதில்லை. உயர்ந்த நாற்காலியில் வடமலையார் ஏறி உட்கார்ந்ததும் சத்தம் அடங்கியது.

அவர் கீழே இருந்த பலகையை ஒரு தடவை பார்த்தார்.

"தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி ஒரு சாட்சி பாக்கி இருக்கு" என்றார்.

"எந்த சாட்சி?" உலகம்மை எழுந்தாள். "எல்லாரையும்தான் கேட்டாச்சே!"

"அந்த மாட்டை முதல்ல பார்த்த சாட்சி."

கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. யார் யார் என்று முணுமுணுத்தது. வடமலையார் எழுந்து நின்றார். அக்கரைக் காதுகுத்தைச் சொன்னார். மூளிக்கொம்பைச் சொன்னார். குவளைப் பாலைச் சொன்னார். ராக்கு நின்ற நாளில் தான் தலையாட்டினதைச் சொன்னார். காரணம் சொல்லப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சாத்தப்பன் கத்த வாய் திறந்தான். யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் மூடிக்கொண்டான். உலகம்மை உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"அப்ப தலைவர் இருக்காரா, போறாரா?" என்றார் ஒருத்தர்.

"அது இனி என் வேலை இல்லை. இந்த நாற்காலிக்கு வேற ஆளைப் பாருங்க. அவர் வந்து ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லட்டும்."

"வேற யாரு? மாடு இல்லாத ஆளாத்தான் தேடணும்" என்று மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பின்வரிசையில் ராக்கு எழுந்தாள். மகளை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள்.

"எனக்கு அதெல்லாம் புரியலைங்க நடுவரையா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாளைக்குக் காலையில நான் பாலைக் கொண்டுட்டு வரணுமா, வேண்டாமா?"

மன்றத்தில் அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கேள்விதான் எல்லோர் வயிற்றிலும் இருந்திருக்கிறது.

வடமலையார் அவளை நேராகப் பார்த்தார். அதற்கு அவருக்குச் சிரமமாக இருந்தது.

"உன்னை வரச் சொல்ல எனக்கு வாயில்லை ராக்கு. என் வீட்டுப் பசு இன்னிக்கு ஒரு செம்புதான் கறந்துச்சு. கூடத்துல இறக்கி வச்சுட்டுத்தான் இங்க வந்தேன். நாளைக்கும் வைப்பேன்."

ராக்கு மகளை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

வடமலையார் நாற்காலியிலிருந்து இறங்கினார். படி மூன்றுதான். அவருக்கு அது நீளமாக இருந்தது. கூட்டம் பார்க்கப் பார்க்க நேராக நடந்து போய்ப் பலகைக்கு முன்னால் நின்றார்.

திருமேனியார் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் புரியாத முகம்.

"ஐயா" என்றார் வடமலையார், "கொஞ்சம் தள்ளி உட்காருங்க."